தபால்காரர் போலீஸ் தலைவரான கதை

1904ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்குக் கரையில் பெர்க்லி என்றொரு சிறிய ஊர். அதன் பிரதான கடைத்தெரு ஷாட்டக் அவென்யூ. அந்தத் தெருவிலேயே ரயில் தண்டவாளமும் ஓடியது. ஒருநாள் சரக்கேற்றிய திறந்த பெட்டி ஒன்று எஞ்சின் இல்லாமல் தானாகக் கிளம்பி, சரிவில் வேகம் பிடித்து ஸ்டேஷனை நோக்கி உருண்டு வந்தது. ஸ்டேஷனில் பயணிகள் ரயில் நிற்கிறது. மோதினால் எத்தனை உயிர் போகும் என்று சொல்ல முடியாது. தெருவில் நின்றவர்கள் பதறிக் கத்திக்கொண்டிருக்க, முப்பது வயதைத் தொடாத ஒரு தபால்காரர் ஓடிப்போய் அந்தப் பெட்டியில் தாவி ஏறி, பிரேக்கைப் பிடித்து இறுக்கினார். மோதாமல் பெட்டி நின்றது.

அவர் பெயர் ஆகஸ்ட் வோல்மர். மறுவருடமே அந்த ஊரின் போலீசுக்குத் தலைவரானார். இருபத்தேழு ஆண்டுகள் அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். நவீன அமெரிக்கப் போலீசின் தந்தை என்று இன்று வரலாற்றாசிரியர்கள் அவரைச் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பைத் தாண்டி முறையாகப் பள்ளிக்குப் போகாதவர் அவர்.

வோல்மர் 1876இல் நியூ ஆர்லியன்ஸில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பிழைப்புத் தேடி மேற்குக்கரைக்கு வந்த குடும்பம் கடைசியில் பெர்க்லியில் தங்கியது. நண்பரோடு கூட்டுச் சேர்ந்து வைக்கோல், விறகு, நிலக்கரி விற்கும் கடை வைத்தார். ஊரில் தன்னார்வத் தீயணைப்புப் படை அமைத்தபோது முன்னால் நின்றார். 1898இல் ஸ்பெயினோடு அமெரிக்கா போருக்குப் போக, பட்டாளத்தில் சேர்ந்து பிலிப்பைன்ஸுக்குக் கப்பலேறினார். திரும்பி வந்து 1900இல் தபால் இலாகாவில் சேர்ந்தார்.

இதில் போலீஸ் அனுபவம் என்று எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் போலீஸ் என்பது ஊருக்குச் சொந்தமானது. நம் நாட்டில் மாநிலத்துக்கு ஒரு காவல் துறை, மாவட்ட எஸ்.பி.யை மாநில அரசு நியமிக்கிறது. அங்கே பெரும்பாலான நகராட்சிகள் தனித்தனியே போலீஸ் வைத்துக்கொள்கின்றன. நாடு முழுவதும் சுமார் 18,000 சட்ட அமலாக்க அமைப்புகள் இருப்பதாகக் கணக்கு. ரோந்துக் காவலராகச் சேர்ந்து சார்ஜென்ட், லெப்டினன்ட், கேப்டன் என்று படிப்படியாக ஏறித் தலைவராவதுதான் இன்றைய வழக்கம். தேர்வெழுதி நேராக அதிகாரியாக நுழையும் நம்முடைய ஐ.பி.எஸ். போன்ற வாசல் அங்கே கிடையாது. வோல்மர் காலத்துப் பெர்க்லியில் இந்த ஏணியும் உருவாகவில்லை. 'மார்ஷல்' என்ற பதவிக்கு மக்கள் ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் ஒழுங்கு அவர் பொறுப்பு.

'பெர்க்லி டெய்லி கெசட்' பத்திரிகையின் ஆசிரியர் ஃப்ரெண்ட் ரிச்சர்ட்சன் பிற்காலத்தில் கலிபோர்னியாவின் கவர்னரே ஆனவர். அவர்தான் வோல்மரைப் போட்டியிடச் சொல்லி வற்புறுத்தினார். 1905 ஏப்ரலில் நடந்த தேர்தலில் எதிராளி வாங்கியதைப் போல மூன்று மடங்கு வாக்கு வாங்கி வோல்மர் ஜெயித்தார்.

ரயில் பெட்டியை நிறுத்திய வீரத்துக்காக ஊர் கொடுத்த பரிசு என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. ஐந்து வருடம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவருக்கு ஊரைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்கும்? எந்த வீட்டில் யார் புதிதாகக் குடிவந்தார்கள், எந்த வீடு பகலில் பூட்டிக் கிடக்கும், யாருக்குப் பணம் வருகிறது, யார் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வருகிறது, எந்தச் சந்து எங்கே போய் முட்டும் — இவ்வளவையும் ஒரு தபால்காரர் கால் நடந்தே கற்றுக்கொள்கிறார். அதைவிட முக்கியமாக, அவரைப் பார்த்தால் யாரும் கதவைச் சாத்துவதில்லை. வோல்மரின் பிற்கால வேலைகளில் பெரும்பாலானவை இந்த அறிவிலிருந்தும் இந்த நம்பிக்கையிலிருந்தும் கிளைத்தவை என்றே நான் நினைக்கிறேன்.

பொறுப்பேற்றபோது அவரிடம் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய காவலர்கள்தான். நடந்தே ரோந்து போனார்கள். ஊரின் ஒரு மூலையில் திருட்டு நடந்தால் மறுமூலையில் இருக்கும் காவலருக்கு விடிந்த பிறகுதான் சேதி தெரியும். வோல்மர் முதலில் காவலர்களுக்குச் சைக்கிள் கொடுத்தார். அடுத்து, தெருச்சந்திகளில் சிவப்பு விளக்குகளைத் தொங்கவிட்டார். ஸ்டேஷனுக்குப் புகார் வந்ததும் அங்கிருந்தே விசையைத் தட்டுவார்கள். சந்தியில் சிவப்பு விளக்கு மின்னும். ரோந்தில் இருப்பவர் அதைப் பார்த்ததும் அருகிலுள்ள தொலைபேசிக்கு ஓடி ஸ்டேஷனைக் கூப்பிட்டு விவரம் கேட்டுக்கொண்டு சம்பவ இடத்துக்கு மிதிப்பார். வயர்லெஸ் வருவதற்குப் பல வருடம் முன்பு ஒரு சிற்றூர் இப்படி யோசித்திருக்கிறது. 1910களில் மோட்டார் சைக்கிளும் அதைத் தொடர்ந்து காரும் வந்தன. இதில் எது அமெரிக்காவிலேயே முதல், எது இரண்டாவது என்று பெரிய வாதங்கள் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எல்லாம் ஒரே ஊரில், ஒரே மனிதரின் கையில் நடந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஊரும் அவரோடு சேர்ந்து வளர்ந்தது. 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவைப் பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் அழித்தபோது, வீடிழந்தவர்கள் விரிகுடாவைக் கடந்து பெர்க்லிக்குள் குவிந்தார்கள். மார்ஷலாகி ஒரே வருடம் ஆன வோல்மர், பொதுமக்களையே துணைக் காவலர்களாக்கி ஊரைக் காத்தார். வந்தவர்களில் பலர் தங்கிவிட்டார்கள். 1900இல் 13,214 பேர் இருந்த ஊரில் 1910இல் 40,434 பேர். 1909இல் நகராட்சிச் சட்டம் மாறி, தேர்தல் பதவியான மார்ஷலுக்குப் பதில் நியமனப் பதவியாகப் போலீஸ் தலைவர் வந்தது. முதல் தலைவராக வோல்மரையே நியமித்தார்கள்.

பள்ளிக்கூடம் கைவிட்டதால்தானோ என்னவோ, படிப்பின்மேல் அவருக்கு இருந்த தாகம் அடங்கவே இல்லை. ஆஸ்திரியாவின் ஹான்ஸ் குரோஸ் எழுதிய குற்ற உளவியல் நூலைத் தேடிப் படித்தார். ஊரிலேயே பெரிய பல்கலைக்கழகம் இருந்தது நல்லதாயிற்று. பேராசிரியர்களின் கதவைத் தட்டி, இரத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள், விஷத்தைப் பற்றிச் சொல்லுங்கள், சட்டம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். 1908இல் பெர்க்லி போலீஸ் பள்ளி தொடங்கியது. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் காவலர்கள் வகுப்பில் உட்கார்ந்தார்கள். அப்போது பெரும்பாலான அமெரிக்க நகரங்களில், புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு சட்டையும் தடியும் பேட்ஜும் கொடுத்து, மூத்தவரின் பின்னால் அனுப்புவதுதான் பயிற்சி. வேலையே வார்டு அரசியல்வாதியின் சிபாரிசில் கிடைத்தது. ஆட்சி மாறினால் வேலையும் போகும். அந்த நாளில் சட்டக் கல்வியும் தடயவியலும் காவலருக்குத் தேவை என்று சொன்ன மனிதரை மற்ற ஊர்த் தலைவர்கள் விநோதமாகப் பார்த்ததில் வியப்பில்லை.

கைரேகையையும் அவர் வரவேற்றார். கைரேகையை வகைப்படுத்தி அடுக்கும் முறை நம் நாட்டில், கல்கத்தாவில் உருவானது. அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளக் காவல் அதிகாரிகளின் உழைப்பு அது. பெயர் மட்டும் அவர்களது ஆங்கிலேய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியைச் சேர்ந்தது. இதுபோல, ஒரு குற்றவாளி எப்போதும் எப்படி உள்ளே நுழைகிறான், எந்த நேரம் பார்க்கிறான், எதை எடுக்கிறான் என்று குறித்து வைக்கும் முறையை இங்கிலாந்தின் யார்க்‌ஷையரைச் சேர்ந்த ஆச்சர்லி என்ற அதிகாரி வகுத்திருந்தார். வோல்மர் அதையும் எடுத்துத் தன் ஊருக்கு ஏற்றபடி வளர்த்தார். நம் குற்றப் பிரிவுக் காவலர்கள் இன்றைக்கும் 'எம்.ஓ.' என்று சொல்வது இந்த முறையைத்தான். நல்லது எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ள அவர் தயங்கியதில்லை.

முதல் உலகப் போர் முடிந்ததும் அவர் செய்த காரியம் அதைவிடத் துணிச்சலானது. பல்கலைக்கழக மாணவர்களையே போலீசில் சேரும்படி அழைத்தார். படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம். 'காலேஜ் போலீஸ்' என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். 1919இல் சட்டம் படித்துக்கொண்டிருந்த வால்டர் கார்டன் என்ற கறுப்பின இளைஞரைச் சேர்த்தார். பெர்க்லி போலீசில் முதல் கறுப்பினக் காவலர் அவர்தான். வெள்ளைக் காவலர்கள் சிலர் எதிர்த்தார்கள், வோல்மர் அசையவில்லை. இரவில் ரோந்து, பகலில் சட்டக் கல்லூரி என்று படித்து முடித்த கார்டன் பின்னாளில் அமெரிக்க வர்ஜின் தீவுகளின் கவர்னராகவும், அங்கேயே நீதிபதியாகவும் ஆனார்.

இன்னொருவர் ஜான் லார்சன். உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு ரோந்துக் காவலராகச் சேர்ந்தவர். வோல்மரின் ஊக்கத்தில் 1921இல் இவர் செய்ததுதான் பொய் கண்டறியும் கருவி. இரத்த அழுத்தமும் மூச்சும் ஏறி இறங்குவதைத் தொடர்ந்து காகிதத்தில் கோடாக வரையும். பல்கலைக்கழகப் பெண்கள் விடுதி ஒன்றில் நடந்த திருட்டில் அதை முதலில் பயன்படுத்தினார்கள். (அந்தச் சோதனைக்கு உட்பட்ட மாணவிகளில் ஒருவரையே லார்சன் பிறகு மணந்துகொண்டார்.) வோல்மர் இதை விரும்பியதற்குக் காரணம் எளிது: அடித்துக் கேட்பதற்குப் பதிலாக ஒரு வழி வேண்டும். ஆனால் கருவி நாடெங்கும் பரவியபோது, மிரட்டி வாக்குமூலம் வாங்கும் இன்னொரு ஆயுதமாக அது மாறுவதைப் பார்த்து லார்சனே மனம் வெறுத்தார். நம் உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதமில்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. லார்சன் கண்ட ஆபத்து கற்பனையில்லை.

அடி உதை விசாரணையை வோல்மர் தன் ஸ்டேஷனில் தடை செய்திருந்தார். அந்தக் காலத்தில் 'தேர்ட் டிகிரி' இல்லாமல் வழக்கை முடிக்க முடியாது என்பது அமெரிக்கப் போலீசின் பொது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவர் எப்படி உடைத்தார் என்று தேடினால், பெர்க்லி போலீசில் வெள்ளிக்கிழமைதோறும் நடந்த கூட்டத்துக்கு வந்து நிற்கிறோம். எல்லோரும் உட்காருவார்கள். யாரும் யாரைப் பற்றியும் குறை சொல்லலாம். தலைவரைப் பற்றியும் சொல்லலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், அறையை விட்டு வெளியே போனபின் அதைத் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது. சில நாள் பேராசிரியர் வந்து பேசுவார். சில நாள் பழைய குற்றவாளி ஒருவர் வந்து தான் எப்படித் திருடினார் என்று விளக்குவார். மேலதிகாரி முன் நிற்கவே பயப்படும் போலீசில் ஆத்திரம் எங்கே போய் இறங்கும்? லாக்கப்பில் இருப்பவன்மேல்தான் இறங்கும். ஆத்திரத்தை அறைக்குள் பேசித் தீர்க்க வழி செய்தது, என் பார்வையில், அவருடைய கருவிகள் எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை.

புகழ் பரவியது. 1921இல் சர்வதேசப் போலீஸ் தலைவர்கள் சங்கத்துக்கே தலைவரானார். 1923இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கூப்பிட்டது. மதுவிலக்குக் காலம். கள்ளச்சாராயமும் சூதாட்டமும் கொடிகட்டிப் பறந்தன. மாமூல் நகர்மன்றம் வரை போனது. பெர்க்லியில் ஒரு வருடம் விடுப்புச் சொல்லிவிட்டு வோல்மர் போனார். துறையை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார். பயிற்சி, பதிவேடு, ரோந்துப் பங்கீடு என்று எல்லாவற்றுக்கும் திட்டம் எழுதினார். 1924இல் சொன்னபடி திரும்பினார். அவர் போன பிறகு பழைய ஆட்களின் கை ஓங்கி, திட்டங்களில் பெரும்பகுதி அலமாரிக்குப் போனது.

அதே மனிதர், அதே மூளை, அதே நேர்மை. பெர்க்லியில் பலித்தது லாஸ் ஏஞ்சல்ஸில் பலிக்கவில்லை. ஊர் பெரியது, ஊழல் பெரியது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் அவருக்கு எந்தத் தெருவும் தெரியாது. அவர் கிளம்பிவிடுவார் என்று அங்கே எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். கிளம்பப்போகும் அதிகாரிக்காக யார் மாறுவார்கள்? காத்திருந்தால் போதுமே.

இந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. ஜனாதிபதி ஹூவர் அமைத்த விக்கர்ஷாம் ஆணையத்துக்காகப் போலீஸ் பற்றிய அறிக்கையை வோல்மர் தலைமையில் தயாரித்தார்கள். 1931இல் அது வெளிவந்தது. போலீஸ் தோற்பதற்கு அறிக்கை முன்னால் வைத்த காரணம், தலைவர்களின் பதவிக்காலம். ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் ஒரு போலீஸ் தலைவர் சராசரியாக 2.43 வருடம்தான் தாக்குப்பிடித்தார். மேயரும் கட்சிக்காரர்களும் நினைத்தால் மாற்றலாம் என்ற நிலையில், தலைவர் சட்டத்தைப் பார்ப்பாரா மேயர் முகத்தைப் பார்ப்பாரா என்பதே அந்த அறிக்கையின் கேள்வி.

படிக்கும்போது நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுகளில் ஒன்று, மாவட்ட எஸ்.பி.க்கும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்பது. இரண்டு ஆண்டு என்ற இந்தக் குறைந்தபட்சத்தை, வோல்மர் 1931இல் நோயின் அடையாளமாகக் காட்டிய 2.43 ஆண்டோடு வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வோல்மரைக் குறையில்லாதவராகக் காட்டினால் அது அவர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கே துரோகம். ரோந்தை வகுத்தது, ஆட்களை வேகமாக நகர்த்தியது எல்லாவற்றிலும் பிலிப்பைன்ஸ் போரில் கற்ற இராணுவ உத்தியின் சாயல் இருந்தது என்பதை சமூகவியலாளர் ஜூலியன் கோ போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அங்கே அமெரிக்கப் படை ஒடுக்கியது விடுதலை கேட்ட மக்களை. சொந்த ஊர்க்காரர்களைக் காக்கும் துறைக்கு அந்தக் களத்திலிருந்து பாடம் எடுத்தது சரியா என்ற கேள்வி இன்று அமெரிக்காவில் உரக்கக் கேட்கிறது. அவருடைய போலீஸ் பள்ளிப் பாடத்தில், குற்றத்துக்கு இனமும் பரம்பரையும் காரணம் என்னும் போலி அறிவியலும் இருந்தது. கார்டனை வேலைக்கு எடுத்த அதே மனிதரின் பாடத்திட்டம் அது. காலம் அப்படி என்று ஒதுக்கிவிட முடியாது. போலீஸ்காரர் கையில் போகும் பாடம் தெருவில் யாரோ ஒருவரின் கழுத்தைப் பிடிக்கும்.

1932இல் தலைவர் பதவியை விட்டார். அதற்கு முன்பே சிகாகோ பல்கலைக்கழகத்திலும், பிறகு பெர்க்லியிலும் பேராசிரியராகக் கற்பித்தார். பட்டம் எதுவும் வாங்காத பேராசிரியர். 1936இல் வெளியான நூலில், போதைப் பழக்கம் மருத்துவர் பார்க்க வேண்டியதே தவிரப் போலீஸ் பார்க்க வேண்டியது அல்ல என்று எழுதினார். மரண தண்டனையை எதிர்த்தார். நடுக்கவாதமும் புற்றுநோயும் வாட்டிய முதுமையில், 1955 நவம்பரில், தன் 79ஆம் வயதில் பெர்க்லி வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவரிடம் மாணவக் காவலராக 1921இல் சேர்ந்த ஒருவரைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. ஓ. டபிள்யூ. வில்சன். படித்துக்கொண்டே ரோந்து போனவர். 1928இல் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகருக்குப் போலீஸ் தலைவராகப் போனார். குருவின் முறைகளை அங்கே நட்டு, பதினோரு வருடம் தாக்குப்பிடித்தார். 1939இல் உள்ளூர் அரசியல் அவரை வெளியே தள்ளியது. பெர்க்லிக்குத் திரும்பி ஆசிரியரானார். 1950இல் அங்கே குற்றவியல் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1960இல் சிகாகோவில் காவலர்களே கொள்ளையர்களோடு கூட்டுச் சேர்ந்து திருடியது அம்பலமாகி நகரம் தலைகுனிந்தபோது, மேயர் ரிச்சர்ட் டேலி அவரை அழைத்தார். அரசியல் தலையீடு கூடாது என்ற உறுதியைப் பெற்றுக்கொண்ட பிறகே வில்சன் பொறுப்பேற்றார். ஏழு வருடம் இருந்தார்.